கைப்பெட்டி என்ன மரம் என்று சொன்னவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோனாபட்டு வீட்டின் இரண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது கிடைத்த கைப்பெட்டி என்ன மரம் என்று தெரிந்துவிட்டது. அதற்காகக் கண்ணையும் கையையும் நேரத்தையும் கொடுத்த எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். நேரில் சொன்னால் "இதற்கெல்லாமா நன்றி" என்று பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக: நீளம் ஒரு சாண், உயரம் நான்கு விரற்கடை. மூலைகளில் ஆணி இல்லை, பலகையைப் பல் பல்லாக அறுத்துக் கோத்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே செங்கல் நிறம். ஐயா பர்மாவில், மோல்மேன் ஊரில் கடை பார்த்த காலத்தில் வந்த பெட்டி என்று அப்பத்தா சொல்வார். எந்த மரம் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

என்ன மரமாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். பினாங்கில் இருக்கும் தங்கை மகள் பெட்டியைத் தனக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாள். செம்மரமாக இருந்துவிட்டால் அவளுக்கு விமான நிலையத்தில் வம்பு. கடப்பை, சித்தூர் மலைகளில் வளரும் அந்த மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கடுமையான கட்டுப்பாடும் உண்டு. சிவப்பாகவும் பழையதாகவும் ஒரு பெட்டியைப் பார்த்தால் அதிகாரி கேட்கத்தான் செய்வார். "எங்கள் ஐயா வாங்கியது" என்பதை ஆவணமாக ஏற்றுக்கொள்ள மாட்டார்.

நம் ஊரில் எந்தப் பழைய மரத்தைக் காட்டினாலும் "பர்மாத் தேக்கு" என்ற பதில் தயாராக இருக்கும். தூண் தேக்கு, நிலை தேக்கு, ஆகவே பெட்டியும் தேக்கு! இந்தப் பதிலைச் சொன்ன உறவினர்களுக்கும் நன்றி. பெயர்களை வெளியிடப் போவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் முதலில் மறுத்தவர். தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் வாடையும் இதில் இல்லை என்று என்னையே முகர்ந்து பார்க்கச் சொன்னார். ஈட்டி மரத்தின் ஊதாக் கறுப்புக் கோடுகளும் இல்லை என்றார். பெட்டியை வாங்கிக்கொள்ளும் ஆசை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் விலை பேசவில்லை, ஆசாரியிடம் போங்கள் என்று அனுப்பிவைத்தார்.

ஆசாரி அண்ணன் கீலைக் கழற்றி, அது மறைக்கும் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மரச் சிம்பு எடுத்தார். வெளியே வடு தெரியக்கூடாதாம். ஒரு செம்பில் நீர் எடுத்து அதில் போட்டார், மிதந்தது. விரலால் அடிவரை அமுக்கி, ஒட்டியிருந்த காற்றுக் குமிழிகளைத் தேய்த்து நீக்கிவிட்டு, விரலை எடுத்தார். மறுபடியும் மேலே வந்தது. செம்மரத்தின் வைரம் பாய்ந்த கட்டை தண்ணீரை விடக் கனம், முங்கினால் எழாது. கீலுக்கு அடியில் பழைய திருகாணித் துளைகள் அடைக்கப்பட்டிருந்ததையும் அவர்தான் காட்டினார். பெட்டி எங்கே செய்ததாக இருந்தாலும் இந்தப் பித்தளைக் கீல் பிறகு மாட்டியது என்றார். நான் கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடை அது.

தேவகோட்டை நாட்டு மருந்துக் கடைக்காரரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நீரிழிவுக்காரர்கள் இரவில் ஊறவைத்துக் குடிக்கும் வேங்கைக் கட்டையை அவர் காலங்காலமாக விற்கிறார். ஒரு கண்ணாடித் தம்ளரில் எங்கள் சிம்பையும், இன்னொன்றில் தன் கடை வேங்கையையும் ஊறப்போட்டார். இரண்டு நீரும் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தன. தம்ளர்களை வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து பின்னால் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். இரண்டிலும் நீரின் விளிம்பில் மயில் கழுத்தைப் போல நீலம் ஓடியது. தெருவில் போன பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். "வேங்கைச் சாதிதான், ஆனால் நம் ஊர் வேங்கை மஞ்சள் பாய்ந்திருக்கும், இது சிவப்பு. இதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம். முதல் நாளே "தேக்கு" என்று அடித்துச் சொன்னவர்கள் யாரும் அப்படி நிறுத்தவில்லை.

காரைக்குடியில் தாவரவியல் கற்பிக்கும் பேராசிரியை சிம்பின் வெட்டுமுகத்தைப் புது பிளேடால் ஒரே இழுப்பில் சீவி, பத்து மடங்கு லென்ஸில் காட்டினார். தேக்கில் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெருந்துளைகள் வரிசை கட்டி நிற்கும். இதில் துளைகள் சிதறிக் கிடந்தன, நடுவே மெல்லிய அலைக்கோடுகள். பக்கவாட்டில் பார்த்தால் மணலில் காற்று வரைந்த மாதிரி நுண்ணிய கிடைவரிகள். டெரோகார்ப்பஸ் என்னும் பேரினத்தின் அடையாளங்கள் இவை. வேங்கை, செம்மரம், பர்மாவின் படாக் எல்லாம் அதில் அடக்கம்.

அவர் சொன்னபடி பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பினோம். செம்மரம் அல்ல, பர்மா படாக்குடன் பொருந்துகிறது என்று எழுத்தில் தந்தார்கள். அங்கே பெயர் தெரியாத மேசைகளில் இருந்து இதைப் பார்த்தவர்களுக்கும் நன்றி. யாங்கோனிலிருந்து படாக் மரத்து வண்டிச் சக்கரங்களின் படங்களை அனுப்பிய தமிழ்க் குடும்பத்தார், சித்திரையில் பர்மியப் புத்தாண்டுக்கு அந்த மரம் மஞ்சளாகப் பூப்பதையும் அனுப்பியிருந்தார்கள். அதைத் தங்கை மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கச் சொன்ன இருவருக்கும் அக்கறைக்காக நன்றி. அடிக்கப் போவதில்லை.

ஆவணியில் பெட்டி பினாங்கு போகிறது, பெங்களூருச் சான்றும் உடன் போகிறது. அதற்கு முன் பார்க்க விரும்புகிறவர்கள் மாலையில் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். ஆசாரி அண்ணன் மட்டும் கீல் கழற்றி மாட்டிய கூலியை வாங்காமலே போய்விட்டார். இந்த மடல் கண்ணில் பட்டால் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நானே பட்டறைக்கு வந்துவிடுவேன்.