கண்டிச் செயலமர்வும் உன் பெரியப்பாவின் கசெட்டுகளும்

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறான், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போன் பார்க்கிறான். மழை விட்டபாடில்லை.

கம்ப்யூட்டர்காரர்களின் செயலமர்வில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். வீட்டிலும் இதே கேள்விதான். கண்டியில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கணினி படிக்கிற பிள்ளைகள், மொழிக்காரர்கள் கொஞ்சப் பேர். தேயிலை நாட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு டீ பேக்கில் தேநீர் தந்தார்கள், அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். ஒரு மொழியின் எழுத்தையும் பேச்சையும் பெருமளவில் திரட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது பெயரா வினையா, அடிச்சொல் எது, வாக்கியத்தில் எந்தச் சொல்லோடு போய்ச் சேர்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். கார்பஸ் என்கிறார்கள், தரவகம் என்றும் சொல்கிறார்கள். ஆங்கிலத்துக்கு இதை 1960களிலேயே தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில், 1961இல் அச்சான எழுத்துகளிலிருந்து 500 துண்டுகள் எடுத்துப் பத்து லட்சம் சொற்கள் சேர்த்தார்கள். சொல்வகைக் குறிப்புகள் பின்னால் வந்தன.

நமக்கு? 'யுனிவர்சல் டிபெண்டன்சிஸ்' என்று ஒரு பொதுத் திட்டம் இருக்கிறது. எந்த மொழியானாலும் அதே 17 சொல்வகைகள்தான். அதிலுள்ள தமிழ்த் தொகுப்புகளில் ஒன்று செக் நாட்டில், பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. மொத்தம் 600 வாக்கியங்கள்: இயந்திரத்துக்குப் படிப்பிக்க 400, இடையில் சரிபார்க்க 80, பரீட்சை வைக்க 120. நம் ஏ.எல். வகுப்புக் கட்டுரைக் கொப்பிகளைச் சேர்த்தாலே இதைவிடக் கூட வரும் மச்சான். அதுவும் பத்திரிகைத் தமிழ். தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பேசுகிற பேச்சுக்கு அதில் இடம் ஏது?

அதனால்தான் நான் போனேன். தோட்டப் பகுதிகளில் பதிவு செய்த பேச்சைக் குறியிடுவது எப்படி என்று ஒரு பகுதி இருந்தது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒரே பக்கத்தைக் கொடுத்தார்கள். ஒருவர் குறிப்பதை மற்றவர் பார்க்கக் கூடாது. எனக்கு ஜோடி யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி, நல்ல கெட்டிக்காரி. கொழுந்தெடுத்த ஓர் அம்மா, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பெரட்டைப் பற்றிப் பேசிய வரி: "நாங்க வெள்ளனவே பெரட்டுக்குப் போறது."

'போறது' என்பதை அவள் பெயர் என்று குறித்தாள், நான் வினை என்றேன். "சேர், 'போறது கஷ்டம்' எண்டா அது பெயர்தானே?" என்று மடக்கினாள். உண்மைதான், தொழிற்பெயர். ஆனால் அந்த அம்மா அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, அதோடு வாக்கியம் முடிகிறது. தினமும் போவோம் என்கிறார், அவ்வளவுதான். "உங்கள் வீட்டில் 'நாங்கள் ஞாயிறிலே கோயிலுக்குப் போறது' என்று சொல்வதில்லையா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். சரி, சிரித்தால் போதுமா? வாக்கியத்தின் மற்றச் சொற்கள் எல்லாம் கடைசியில் ஒரே சொல்லில் போய்த் தொங்க வேண்டும், அந்தச் சொல் எது என்று எழுதினால்தான் கோப்பு ஒத்துக்கொள்ளும். கோப்பில் ஒரு சொல்லுக்குப் பத்துப் பத்திகள். கடைசியில் சொல்வகைப் பத்தியில் வினை என்றும், இலக்கணக் கூறுகளின் பத்தியில் வடிவம் தொழிற்பெயர் என்றும் போட்டோம். எங்கள் சண்டையே வழிகாட்டிக் குறிப்பில் ஒரு பந்தியாக ஏறிவிட்டது. அடுத்து வருகிறவர்கள் அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும். இந்த வழிகாட்டிக் குறிப்புதான் முழு வேலையின் உயிர் என்று எனக்குப் பட்டது.

இருவர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று அளக்கவும் ஒரு வழி உண்டு. கோஹன் என்பவர் 1960இல் சொன்ன கப்பா. நூற்றுக்கு 80 ஒத்துப்போனது என்று மகிழ முடியாது, குருட்டாம்போக்கில் குறித்தாலே 50 ஒத்துப்போகக் கூடுமானால் அதைக் கழிக்க வேண்டும். மிச்சமிருந்த 50இல் 30ஐப் பிடித்திருக்கிறோம், ஆக 0.6. பிள்ளைகளின் விடைத்தாளுக்கும் இப்படிப் போட்டால் பாதி வகுப்பு காணாமல் போகும்.

பிறகுதான் சூடு பிடித்தது. ஒருவர் எழுந்து, இந்தப் பேச்சையெல்லாம் முதலில் எழுத்துத் தமிழாக மாற்றிவிடலாம், பத்திரிகையில் பழகிய இயந்திரம் அப்போதுதான் தடுமாறாது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "கொழுந்து கொறஞ்சா அரைப்பேருதான் போடுவாங்க" என்ற வரியை அவர் எப்படி மாற்றுவார் என்று கேட்டேன். அரை நாள் சம்பளம் தருவார்கள் என்று எழுதலாம். ஆனால் செக்ரோல் என்கிற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பேர் விழுவதும் அதில் பாதி வெட்டுப்படுவதும் எங்கே போகும்? மாற்றி எழுதிய பிறகு பின்னால் வருகிறவனுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. எனக்கு எரிச்சல் என்னவென்றால், இதுவரை நம் பேச்சைக் கொச்சை என்றவர்கள் வாத்தியார்மார்தான், இனி இயந்திரமும் சொல்லப் போகிறது.

நடத்தியவர் 'ஈலான்' என்ற மென்பொருளைத் திறந்து காட்டினார். நெதர்லாந்தில், நைமேகன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் செய்தது. ஒலியலை ஓடுகிறது, அதன் நேரத்தோடு கட்டப்பட்ட அடுக்குகள் கீழே. பேசியது பேசியபடி ஓர் அடுக்கு, எழுத்துத் தமிழ் இன்னொன்று, சொல்வகை மூன்றாவது, வேண்டுமானால் சிங்களத்தில் பொருள். ஒன்றை அழித்து மற்றதை எழுதத் தேவையில்லை. வேலை கூடத்தான் செய்யும். ஆனாலும் எந்தக் காலத்திலும் மூலத்துக்குத் திரும்பிப் போகலாம்.

அங்கே போதிய நேரம் கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு: அனுமதி. ஓர் அம்மா கொழுந்தைப் பற்றிப் பேசத் தொடங்கி, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணனுக்குப் போய்விடுகிறார். தோட்டத்தை நடத்துகிற துரையைத் திட்டுகிறார், அடுத்த வீட்டுக்காரியின் பெயரைச் சொல்கிறார். எழுத்தில் பெயரை மறைத்தால் போதாது, ஒலியிலும் மறைக்க வேண்டும். பதியச் சம்மதித்தவர், உலகம் முழுக்க இறக்கிக் கேட்கவும் சம்மதித்தாரா? இதை நான் கேட்டபோது மதியச் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது.

அப்புறம், உன்னிடம் ஒரு காரியம். மஸ்கெலியாவில் உன் பெரியப்பா காமன் கூத்துப் பழக்கியதைப் பதிந்த கசெட்டுகள் உங்கள் வீட்டில் இருந்தன அல்லவா? பாட்டு ஒரு தமிழ், இடையில் பிள்ளைகளை அதட்டுவது வேறு தமிழ். எனக்கு இரண்டும் வேண்டும், அதட்டல் கட்டாயம் வேண்டும். பூஞ்சணம் பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காதே, அப்படியே எடுத்து வை. இரைச்சல் நீக்குகிறேன் என்று கடைக்காரன் கையில் கொடுத்துவிடாதே, கூத்துக்கு அடிக்கிற தப்பு மேளத்தின் சத்தத்தையும் சேர்த்து எடுத்துவிடுவான். முதலில் பெரியம்மாவிடம் கேள். எதற்கு, யார் கேட்பார்கள் என்று விளக்கமாகச் சொல். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடு. சரி என்றால் ஒரு வரி எழுது, பள்ளி விடுமுறைக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பேராதனை ரூம்காரன்