ஞாயிறு கேமுக்குப் புது மிருகம்: ஆவுளித்திருக்கை

மக்களே, டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா நாம ஆடுற கதை கேமுக்கு இந்த வார மான்ஸ்டர் ரெடி. முன்பாதி ஆவுளியா (அதான் கடல்பசு), பின்பாதி திருக்கை, முள்ளு வாலோட. ஆவுளியா மாதிரியே இதுக்கும் செவுள் கிடையாது, மூச்சு வாங்க மேல வந்தே ஆகணும், அதனால ஆறு ரவுண்டுக்கு ஒருக்கா தலை தூக்கும், அடிக்கிறதுன்னா அப்ப அடிச்சுக்கங்க, கீழ போயிட்டா மணல்ல புதைஞ்சுக்கும், 20 பக்க டைஸ்ல 16க்கு மேல விழுந்தாதான் கண்ணுக்கே தெரியும். ஹெச்பி (உயிர் பாயிண்ட்) 70, ஆர்மர் (கவசம்) 14.

வால் குத்துனா ரவுண்டுக்கு 4 பாயிண்ட் போய்க்கிட்டே இருக்கும். ஹீலிங் ஸ்பெல் வேலைக்காகாது, சுடுதண்ணிதான், நிஜ திருக்கை விஷமும் சூட்டுலதான வீரியம் கொறையும். யாராச்சும் பையில ஒரு சட்டி வச்சுக்கங்க.

சும்மா போனா ஒண்ணும் பண்ணாது, கடல்புல் மேயுற ஜீவன். அந்தப் புல்லு மேல நங்கூரம் போட்டாலோ மடிவலை இழுத்தாலோதான் வெறி புடிக்கும். கொன்னா எக்ஸ்பி (அனுபவ பாயிண்ட்) பாதிதான், சொல்லிட்டேன் (ஆவுளியாவ வேட்டையாடுனா 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள போகணும்ல, கேம்லயும் அப்படித்தான்). மேப் தனுஷ்கோடி, 1964 புயலுக்கு அப்புறம் இடிஞ்சு நிக்கிற சர்ச் பக்கம். மந்திரவாதி கேரக்டர் எடுத்தவங்க நெருப்பு ஸ்பெல்ல மாத்திட்டு வாங்க, தண்ணிக்குள்ள அது செல்லாது.