ரோஷீன் அப்டனுக்கு, ஒரு ஹாக்கி வீராங்கனையின் அம்மா எழுதுவது

ரோஷீன்,

உங்களோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 2, லண்டன், பெண்கள் ஹாக்கி உலகக் கோப்பைக் காலிறுதி. உங்கள் அயர்லாந்தும் எங்கள் இந்தியாவும். கோலே விழாத ஆட்டம். கோல்கீப்பரை ஒற்றையாக எதிர்கொள்ளும் ஷூட்-அவுட்டில் நாங்கள் 3-1 என்று தோற்றோம். அந்த மூன்றில் ஒன்று நீங்கள் அடித்தது. எங்கள் கோல்கீப்பர் சவிதா நிற்கும்போது என்ன பயம் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தவள் நான். நாட்டுக்காக ஆடக் கைக்காசு போட்ட பெண்கள், கடைசியில் வெள்ளியோடு ஊர் திரும்பினீர்கள். பொறாமைதான், வேறென்ன.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன வாரம் என் மகளை இறுதி ஆட்டத்துக்கு அனுப்பவில்லை. மணிக்கட்டில் மயிரிழை விரிசல். "ரோஷீன் ஆடலையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2019 நவம்பர், டப்ளினில் கனடாவோடு நீங்கள் ஆடிய ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அதன் வீடியோ தினமும் ஓடும். ரக்பி மைதானத்தின் மேல் தற்காலிகமாக விரித்த செயற்கைப் புல். ஷூட்-அவுட்டில் கனடா 3-1 என்று முன்னே போய்விட்டது. எப்படியோ 3-3. அப்புறம் சடன் டெத், ஒருவர் போட்டு மற்றவர் தவறவிட்டால் ஆட்டம் முடிந்தது. உங்கள் முறை. கோல் போட எட்டே நொடி. மகள் பந்தைப் பார்ப்பாள், நான் மட்டையைப் பிடித்திருக்கும் கையைப் பார்ப்பேன். அது உடைந்த கை என்று தெரிந்த பிறகு வேறெதையும் பார்க்க முடிவதில்லை. கோல் விழுந்ததும் அவள் குதிப்பாள். எனக்கு வயிற்றைப் பிசையும்.

அவளுடைய பயிற்சியாளரும் இதே வீடியோவைத்தான் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. சின்ன ஊர், எல்லோரும் படிக்கிறார்கள். நல்ல மனிதர், அவ்வளவுதான்.

உங்களுடையது வளர்ந்த ஒரு பெண் தானே எடுத்த முடிவு. அயர்லாந்துப் பெண்கள் அணி அதுவரை ஒலிம்பிக்கையே பார்த்ததில்லை. இங்கே பதினாலு வயது, மாவட்டக் கோப்பை. இதைச் சொல்லப்போய், நீங்கள் செய்தது முட்டாள்தனம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் முட்டாள்தனம் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நீங்களும் பள்ளி ஆசிரியைதானே, வீங்கிய கையோடு வரும் பிள்ளையை மைதானத்தில் இறக்குவீர்களா?

டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நீங்கள் அடித்தது, உங்கள் நாட்டுப் பெண்களின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி கோல். அன்று நானும் கைதட்டினேன். அந்தக் கை எவ்வளவோ பட்ட கை. அதே வாரக் கடைசியில், நீங்கள் பிரிட்டனிடம் ஜெயித்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிட்டதும் நான்தான். நீங்கள் 2-0 என்று தோற்க, நாங்கள் காலிறுதிக்குள் போனோம். அதற்கு மன்னிப்பெல்லாம் கிடையாது.

டாக்டர் சரி என்று சொன்னதும் மகள் ஆடப் போவாள். அதுவரை உங்கள் வீடியோவுக்கு எங்கள் வீட்டில் தடை.