கொல்கத்தாவின் டிராம் தண்டவாளங்களைத் தார் போட்டு மூடாதீர்கள்

மேற்கு வங்க அரசின் போக்குவரத்துத் துறைக்கு,

வணக்கம். கொல்கத்தாவின் மையத்திலுள்ள எஸ்பிளனேடு சந்திப்புக்கும் ‘மைதானம்’ எனப்படும் பெரும் புல்வெளிக்கும் இடையே மட்டும் டிராமைப் பாரம்பரியச் சின்னமாக ஓட்டிவிட்டு மற்ற தடங்களை நிறுத்திவிடுவது என்று 2024 செப்டம்பரில் அறிவித்த முடிவைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே சென்னையிலிருந்து இதை எழுதுகிறேன். இதைச் சொல்ல எங்கள் ஊருக்கு ஓர் உரிமை உண்டு. 1895-ல் இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது மதராஸில்தான். சாலைக்கு அடியில் பதித்த மின்தடம் மழைக்குத் தாங்காமல் மேல்நிலைக் கம்பிக்கு மாறிய அந்தச் சேவை 1953 ஏப்ரலில் நின்றது. பிறகு திரும்பி வரவேயில்லை.

உங்கள் நகரத்தில் 1873-ல் சியால்டாவிலிருந்து ஆர்மேனியன் படித்துறை வரை குதிரைகள் இழுத்த டிராம், 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடு–கிதர்பூர் தடத்தில் மின்சாரத்துக்கு மாறியது. அன்றைய வடிவமைப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கூரைமேல் சாய்ந்து நிற்கும் நீண்ட கம்பம் சுருள்வில்லின் விசையால் மேல்கம்பியைத் தொட்டு மின்சாரத்தை வாங்க, அது மோட்டார்களைச் சுழற்றிவிட்டுச் சக்கரங்கள் வழியே தண்டவாளத்தில் இறங்குகிறது. ஓட்டுநர் கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் திருப்பி வேகம் கூட்டுகிறார்; காலால் மிதித்து மணியடிக்கிறார். இணைந்த இரு பெட்டிகளில் முன்னது மின்விசிறியுள்ள முதல் வகுப்பாகவும் பின்னது இரண்டாம் வகுப்பாகவும் நெடுங்காலம் ஓடின. இவற்றைப் பழுதுபார்க்கும் கைத்திறன் இன்னும் நோனாபுகூர் பணிமனையில் இருப்பதை நான் பெரிய செல்வமாகக் கருதுகிறேன்.

டிராம் மெதுவாகச் செல்கிறது, நெரிசலை உண்டாக்குகிறது என்கிறீர்கள். அதன் வேகத்தைக் கெடுத்தது எது என்பதையும் பார்க்க வேண்டும். ராஷ்பிகாரி அவென்யூ போன்ற சாலைகளின் நடுவே புல் வளர்ந்த தனிப் பாதையில் ஓடிய டிராம்களின் இடத்தைக் கான்கிரீட் போட்டுப் பிற வாகனங்களுக்கும் திறந்துவிட்ட பிறகுதான், அவை கார்களுக்குப் பின்னால் காத்து நிற்க நேர்ந்தது. நகரப் பரப்பில் சாலைகள் ஏறத்தாழ 6 சதவீதமே என்று நீங்களே சொல்லும்போது, குறைந்த இடத்தில் கூடுதல் பேரை, புகையில்லாமல் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அல்லவா அதில் முதலிடம் தர வேண்டும்?

சுற்றுலாவுக்காக மட்டும் ஓட்டும் ஒரு தடம் பணிமனையையும் ஓட்டுநர்களையும் நெடுநாள் வாழவைக்காது என்பது என் அச்சம். அன்றாடம் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் ஏறி இறங்கும் வரையில்தான் அந்தத் தொழிலறிவு கைமாறி வரும். ஆகவே டாலிகஞ்ச்–பாலிகஞ்ச், கரியாஹாட்–எஸ்பிளனேடு தடங்களை இயக்குங்கள். எங்கும் தண்டவாளத்தின்மேல் தார் ஊற்ற அனுமதிக்காதீர்கள். 2020-ல் ஆம்பன் புயலில் சேதமடைந்து நின்றுபோன கிதர்பூர் தடம் மைதானத்தின் புல்வெளியினூடே, நெரிசலுக்கு விலகிச் செல்வது. அதன் கம்பிகளைச் சீரமைத்து, முதலில் அங்கே சேவையைத் தொடங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவர்