சித்த மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தமிழில் பதிவு செய்ய ஏற்பாடு கோரும் மனு

அனுப்புநர்:
பதிவு பெற்ற சித்த மருத்துவர்,
பாளையங்கோட்டை,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை,
அரும்பாக்கம், சென்னை.

பொருள்: சித்த மருந்துகள், மூலிகைப் பொடிகள், லேகியங்கள் ஆகியவற்றால் வரும் பக்கவிளைவுகளைப் பதிவு செய்து ஆராய மாவட்டம்தோறும் வழிவகை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சித்த மருத்துவத்தைப் படித்து அதையே தொழிலாகக் கொண்டிருப்பவள் நான். இந்த மருத்துவம் தலைமுறை கடந்து நிற்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

என்னிடம் வருபவர்களில் பலர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆங்கில மாத்திரை சாப்பிடுகிறவர்கள். கூடவே நாட்டு மருந்துக் கடைப் பொடி, வாட்ஸ்அப்பில் வந்த கஷாயம், உறவினர் வாங்கித் தந்த லேகியம் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். திட்டுவார் என்று அஞ்சி ஆங்கில மருத்துவரிடம் இதை மறைக்கிறார்கள். “மூலிகைதானே, என்ன செய்துவிடும்” என்பது பொது நம்பிக்கை. ஆனால் இருமலுக்கு நல்ல மருந்தான அதிமதுரத்தை அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரிவதற்கான மாத்திரையும் சேர்ந்துவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அப்படி ஒருவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்ந்தாலும் அதிமதுரத்தின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

சீந்தில் என்ற மூலிகைக் கொடியின் கதை நம் கண் முன்னே நடந்தது. கொரோனா காலத்தில் அரசே வீடு வீடாகக் கொடுத்த கபசுரக் குடிநீரில் சேரும் சரக்குகளில் அதுவும் ஒன்று. தனிச் சீந்திலையும் அப்போது பலர் மாதக்கணக்கில் குடித்தார்கள். அதைக் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். மறு ஆண்டு, நாட்டின் 13 மருத்துவமனைகளில் இருந்து 43 பேரின் விவரங்கள் வெளிவந்தன. சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாம் என்று, ஆயுர்வேதம், சித்தம் போன்ற மருத்துவ முறைகளைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகம் விளக்கம் கூறியது. இருக்கலாம், கொடியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எப்படி முடிவு செய்வது? நோயாளி குடித்த சரக்கில் ஒரு பிடியைப் பத்திரப்படுத்தி, வாங்கிய கடை, தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண், குடித்த அளவு, நாள் என எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வைத்திருந்தால்தான் இத்தகைய கேள்விக்கு விடை கிடைக்கும். அந்தப் பழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் சித்த மருத்துவத்தை வெறுப்பவர்கள் ஒரு பக்கமும், கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் மறுபக்கமும் கத்துகிறார்கள். ஆதாரம் யாரிடமும் இல்லை.

சரக்கு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் எடை குறைக்கத் தரப்பட்ட சீன மூலிகையில் ஒன்றுக்குப் பதில் வேறொன்று கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அப்படித் தவறாகக் கலந்த மூலிகையின் இனத்தைச் சேர்ந்தவைதாம் நம் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும். பூச்சிக்கும் விஷக்கடிக்கும் நம் ஊர்களில் இன்றும் கைவைத்தியமாகக் கொடுக்கிறார்கள். இவற்றை உட்கொண்டவர்களின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஏற்பாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆயுஷ் மருந்துகளைக் கண்காணிக்கும் மத்தியத் திட்டம் 2017-18 முதல் இருக்கிறது. டெல்லி அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் அதன் தேசிய மையம். சித்தத்துக்கு தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இடைநிலை மையம். புகார் அளிக்க 2025இல் ஆயுஷ் சுரக்ஷா என்ற இணையதளமும் வந்தது. ஆனால் மானூரிலோ களக்காட்டிலோ பொடி வாங்கிச் சாப்பிடும் ஒரு பாட்டிக்கு இவற்றில் எது எட்டும்? எனக்கே எட்டவில்லை. மூட்டு வலிப் பொடி சாப்பிட்டு முகம் உப்பி, சர்க்கரை எகிறி வந்த ஒரு அம்மாவின் பொட்டலத்தில் உரிம எண்ணும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகித்துப் பரிசோதனைக்கு அனுப்ப முயன்றேன். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது; கடைசியில் பொட்டலம் என் மேசையிலேயே தங்கிவிட்டது.

ஆகவே, பக்கவிளைவுப் படிவத்தை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள சித்தப் பிரிவுகள் அனைத்திலும் வைக்க ஆணையிட வேண்டுகிறேன். ஆங்கில மருத்துவரும் செவிலியரும் நோயாளியும் அதை நிரப்பலாம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசெல்லும் பெண் தன்னார்வலர்கள், “வேறு ஏதும் பொடி, கஷாயம் சாப்பிடுகிறீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டாலே போதும், இன்று மறைந்து கிடக்கும் பாதி வெளியே வந்துவிடும். சுகாதாரத் துறையுடன் பேசி இதற்கு வழிசெய்யுங்கள்.

சந்தேகத்துக்குரிய மருந்தை மாவட்ட சித்த மருத்துவ அலுவலர் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஸ்டீராய்டு, ஆங்கிலச் சர்க்கரை மருந்து, ஈயம், பாதரசம், ஆர்சனிக் உள்ளனவா என்று பரிசோதித்த முடிவு கொடுத்தவருக்குத் திரும்பி வர வேண்டும்.

இன்னொன்று. நச்சுச் சரக்குகள் சேர்ந்த மருந்துகளில் “மருத்துவக் கண்காணிப்பில் உட்கொள்ளவும்” என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கிறது 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 161ஆம் விதி. சேராங்கொட்டையும் எட்டியும் சேர்ந்த மருந்தை வாங்கும் தமிழ்நாட்டு நோயாளிக்கு அந்த எச்சரிக்கை தமிழில் இல்லை. இம்மாநிலத்தில் உரிமம் பெறும் தயாரிப்பாளர்கள் அதைத் தமிழிலும், புகார் தெரிவிக்க ஒரு தொலைபேசி எண்ணுடன், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடத் தங்கள் துறை அறிவுறுத்த வேண்டும்.

வரும் புகார்களின் தொகுப்பை, நோயாளிகளின் பெயர் நீக்கி, ஆண்டுதோறும் தமிழில் வெளியிடவும் கேட்டுக்கொள்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் இதைச் சோதனை முறையில் தொடங்குவதானால், படிவம் தயாரிப்பதிலும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிப்பதிலும் ஊதியமின்றி உதவ அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதிவு பெற்ற சித்த மருத்துவர்,
பாளையங்கோட்டை.