தொட்டியிலிருந்து கடலுக்குத் திரும்புபவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன்காட்சியகம் என்றால் விடுமுறை நாளில் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் இடம் என்றே பலரும் எண்ணுகிறோம். உயிர்களைக் கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று கண்டிப்போரும் உண்டு. ஆனால் அதற்கும் கடலாய்வுக்கும் உள்ள உறவு பழையது. 1874-இல் நேப்பிள்ஸ் நகரில் மீன்காட்சியகம் ஒன்றைத் திறந்த ஜெர்மானிய விலங்கியலாளர் ஆன்டன் டோர்ன், அதன் நுழைவுக் கட்டணம் அதே கட்டடத்தில் இயங்கிய தம் ஆய்வுக்கூடத்தின் செலவுக்கு உதவ வேண்டும் என்றே திட்டமிட்டிருந்தார்.

இன்றைய சான்றுகளில் என்னை மிகவும் கவர்ந்தது, கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா மீன்காட்சியகத்தில் தாயை இழந்த கடல் நீர்நாய்க் குட்டிகளை வளர்க்கும் முறை. மனிதரோடு பழகிவிட்ட குட்டி கடலில் பிழைக்காது என்பதால், பணியாளர்கள் கரிய அங்கியும் வெல்டிங் முகமூடியும் அணிந்து, முகம் தெரியாதபடிதான் அதை நெருங்குகிறார்கள். கடலுக்குத் திரும்ப இயலாத பெண் நீர்நாய் ஒன்று வளர்ப்புத் தாயாகி, இரை தேடவும் சிப்பியை உடைக்கவும் அதற்குப் பழக்குகிறது. இவ்வாறு வளர்ந்த 37 குட்டிகள் எல்க்கார்ன் ஸ்லூ என்னும் கழிமுகத்தில் விடப்பட்டன. 2002 முதல் 2016 வரை அங்கே நீர்நாய்கள் பெருகியதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அவற்றுக்கும் அவற்றின் சந்ததிக்கும் உரியது. நீர்நாய்கள் நண்டுகளைத் தின்று குறைக்க, நண்டுக்கு இரையாகிவந்த சிற்றுயிர்கள் பெருகிப் பாசியை மேய்ந்ததால், கழிமுகத்தின் கடற்புல்லும் தழைத்தது.

பவளங்கள் பலவும் ஆண்டில் ஓரிரு இரவுகளில் மட்டும், நிலவின் கணக்குப்படி முட்டையிடுபவை. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் மீன்காட்சியகப் பிரிவினர் பருவ வெப்பத்தையும் நிலவொளியையும் தொட்டிக்குள்ளேயே உண்டாக்கி அவற்றை முட்டையிடச் செய்தார்கள். அவர்களுடைய துணையோடு 2019 ஆகஸ்டில் ஃபுளோரிடா மீன்காட்சியகத்தில், நோயால் அழிந்துவரும் தூண் பவளம் முட்டையிட்டது. அட்லாண்டிக் பவளம் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் அவ்வாறு முட்டையிடச் செய்தது அதுவே முதல் முறை.

தொட்டியில் மட்டுமே தெரியவரக்கூடிய உண்மைகளும் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் ஒமாஹா உயிரியல் பூங்காவில், பெண் சுறாக்கள் மட்டுமே இருந்த தொட்டியில் கொம்பன் சுறாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று குட்டி ஈன்றது. ஆணின்றிப் பிறந்த குட்டி அது என்பதை 2007-இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. திறந்த கடலில் இது நடந்திருந்தால் யார் கண்டிருப்பார்கள்?

இவற்றைச் சொல்லி எல்லா மீன்காட்சியகங்களுக்கும் நற்சான்று வழங்க நான் விரும்பவில்லை. கண்காட்சித் தொட்டிகளில் உள்ள கடல்மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடித்து வரப்படுகின்றன. டால்ஃபினைப் பந்தாட வைத்துவிட்டு அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் சூட்டுவதும் நடக்கிறது. ஆகவே, மீன்காட்சியகங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது தொட்டியின் கொள்ளளவையும் வருகையாளர் எண்ணிக்கையையும் சொல்வதோடு, அங்குள்ள உயிர்கள் எங்கிருந்து வந்தன, எத்தனை இனங்கள் அங்கேயே இனப்பெருக்கம் செய்தன, எத்தனை உயிர்கள் கடலுக்குத் திரும்பின என்பதையும் கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்