சாகாது, ஆனால் பெருகாது

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு மதுரையிலேயே வேலை அமைந்ததில் பாதி நிம்மதி எனக்கும்தான். என் முழங்கால்வலி பழையபடியே இருக்கிறது. ஆய்வகத்து உயர ஸ்டூலைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா வேலைநிறுத்தம் செய்தால் செல் செத்துவிடுமா என்று உன் மாணவி கேட்டாளாமே. கெட்டிக்காரப் பெண். புட்டியில் நாங்கள் வளர்க்கும் செல்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் சாகாது, ஆனால் பெருகாது.

சாகாததற்குக் காரணம் சர்க்கரை. நாங்கள் வழக்கமாக ஊற்றும் வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் கணக்கில் சொன்னால் 450! 210 வந்ததற்கே உன் வீட்டுக்காரரை என்ன பாடு படுத்தினாய். அவ்வளவு சர்க்கரை கிடைத்தால், மைட்டோகாண்ட்ரியாவின் தயவில்லாமலே அதை லாக்டேட் வரை உடைத்து, தனக்கு வேண்டிய ஏ.டி.பி.யை, அதாவது தன் ஆற்றல் நாணயத்தை, செல் தேற்றிக்கொள்ளும். அமிலம் சேரச் சேர, சிவப்பாக இருந்த ஊடகம் மஞ்சளாகிவிடும். குளுக்கோசுக்குப் பதில் காலக்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையைக் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். அதை லாக்டேட் வரை உடைப்பதில் மட்டும் போதிய ஏ.டி.பி. தேறாது: மைட்டோகாண்ட்ரியா பழுதான செல்கள் மடிந்துபோகும். மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்க இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, ஏ.டி.பி.க்குப் பஞ்சமில்லை என்றால் ஏன் பெருகுவதில்லை? 1989-இல் கிங், அட்டார்டி என்ற ஆய்வாளர்கள் இருவரும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அறவே இல்லாத மனித செல்களை வளர்த்துக் காட்டினார்கள். அவற்றுக்கு யூரிடின் (பிரிமிடின் வகைப் பொருள்), பைருவேட் (சர்க்கரை உடையும்போது லாக்டேட்டுக்கு முந்தைய படி) இரண்டும் வேண்டியிருந்தன; எதை நிறுத்தினாலும் வளர்ச்சி நின்றது. யூரிடின் எதற்கென்பது புரிந்தது. டி.என்.ஏ. கட்டத் தேவையான பிரிமிடினைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உட்கார்ந்துகொண்டு, தன் எலக்ட்ரான்களை அங்குள்ள எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியிடம்தான் ஒப்படைக்கிறது. பைருவேட்டின் வேலை நெடுநாள் சரியாகப் பிடிபடவில்லை. 2015-இல் இரண்டு குழுக்கள் விடை கண்டன: அஸ்பார்டேட் என்ற அமினோ அமிலம். சங்கிலி நின்றால் எலக்ட்ரான் சுமக்கும் என்.ஏ.டி.எச். இறக்கிவைக்க இடமின்றிக் குவியும், சுமையில்லாத அதன் வடிவமான என்.ஏ.டி. வற்றும், அதனால் அஸ்பார்டேட் தயாரிப்பு முடங்கும். அது இல்லாமல் புதுப் புரதமும் கிடையாது, புது டி.என்.ஏ.வும் கிடையாது. பைருவேட் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு லாக்டேட்டாக மாறுவதால் என்.ஏ.டி. திரும்பக் கிடைக்கிறது. பைருவேட் தராமல் அஸ்பார்டேட்டையே தாராளமாகக் கொட்டியபோதும் செல்கள் பெருகின. ஆக, இந்தச் செல்களுக்கு மைட்டோகாண்ட்ரியா முக்கியமாகத் தேவைப்படுவது எலக்ட்ரான்களை இறக்கிவைக்கத்தான், ஆற்றல் அப்புறம். இதைப் பிளஸ் டூவிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

உன் வீட்டுக்காரர் சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைத் தடுப்பதுதான். புட்டியில் நிறையப் போட்டால் புற்றுச்செல்களின் வளர்ச்சி மந்தமாகும். கூடவே பைருவேட் சேர்த்தால் மறுபடி வேகமெடுக்கும். (மாத்திரையால் ரத்தத்தில் அந்த அளவு ஏறாது, அவரிடம் சொல்லிப் பயமுறுத்தாதே.) அதனால் ஏதோ ஒரு மருந்து செல் வளர்ச்சியைத் தடுத்தது என்று எந்தக் கட்டுரை வந்தாலும், ஊடகத்தில் பைருவேட் இருந்ததா என்றுதான் முதலில் தேடுவேன். ஒரே பெயரில் பைருவேட் சேர்த்ததும் சேர்க்காததும் கடையில் விற்கின்றன. எதை வாங்கினோம் என்று எழுதாமலேயே விட்டுவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

அரையாண்டு விடுமுறையில் அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வா, மைக்ரோஸ்கோப்பில் காட்டுகிறேன். நாரத்தங்காய் ஊறுகாயை மறந்துவிடாதே.

அன்புடன்,
மீனாட்சி